கூலி கேட்டவனின் நாக்கு

எங்க தாத்தா கேதம் சொல்லப் போகிறவர். ஊர்த்தெருவில் ஒரு சாவு விழுந்துவிட்டால் ராத்திரியோ பகலோ அவரைத்தான் கூப்பிடுவார்கள். திருச்சுழியைச் சுற்றி, குண்டாற்றுக்கு அக்கரையிலும் இக்கரையிலும், நரிக்குடிப் பக்கமும் அருப்புக்கோட்டைப் பக்கமும், செத்தவருடைய சொந்தபந்தம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். காலில் செருப்பு கூடாது. தோளில் கிடக்கிற துண்டு ஊர் எல்லையில் இடுப்புக்கு இறங்கிவிட வேண்டும். வாசலுக்கு எட்ட நின்றுதான் சேதி சொல்ல வேண்டும். எங்கள் தெருவிலேயே அதிக ஊர் பார்த்தவர் அவர்தான். ஆனால் எந்த ஊரிலும் ஒரு திண்ணையில் அவர் உட்கார்ந்ததில்லை.

இதற்குக் கூலி, அறுப்புக் காலத்தில் களத்து மேட்டில் அளக்கிற கம்பும் சோளமும். அதற்குச் 'சுதந்திரம்' என்று பேர். தோழர்கள் சிரிக்க வேண்டாம். கிராமத்து ஊழியம் செய்கிறவனுக்குக் களத்தில் அளக்கிற தானியப் பங்குக்குத் தமிழில் வெகுகாலமாக அந்தச் சொல்தான் இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கிய பிறகும் எங்க தாத்தா வருசத்துக்கொரு தடவை சாக்கைத் தூக்கிக்கொண்டு சுதந்திரம் வாங்கப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு வருசம் அவர் களத்தில் நின்று கேட்டிருக்கிறார்: "சாமி, நடைக்கு இம்புட்டுன்னு காசாக் குடுத்துருங்க. கம்பு வேணாம்." அவ்வளவுதான். "வாய் நீண்டு போச்சா ஒனக்கு" என்று விரட்டிவிட்டார்கள். தாத்தாவும் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்பன்னா ஒங்க கேதத்த இனி நீங்களே சொல்லிக்கிடுங்க" என்று வந்துவிட்டார். அதற்கடுத்து இரண்டு வருசம் மழை இல்லை. எங்கள் சீமையில் மழை இல்லாத வருசம் ஒன்றும் புதுசு கிடையாது. ஆனால் ஊர்த்தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. 'அவன் கருநாக்கு. கண்மாய் நிறையாதுன்னு சாபம் விட்டுட்டுப் போனான், பலிச்சிருச்சு.' தாத்தா அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பாட்டி சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் கேட்டார்கள்? கூலி கேட்ட கதை மறைந்துவிட்டது. சாபக் கதை நிலைத்துவிட்டது.

இதை நான் மறந்துதான் போயிருந்தேன். 2014ஆம் ஆண்டு மே மாதம் ஒரு நடுராத்திரி எங்கள் அண்ணன் மகன் டி.வி.யில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்மாய் உள்வாயில், சீமைக்கருவேல முள்ளை ஒதுக்கிவிட்டு, கிழிந்த பந்தை உதைத்து விளையாடிப் பழகியவன். போர்ச்சுகலின் பென்ஃபிகா அணியும் ஸ்பெயினின் செவிய்யா அணியும் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம். பென்ஃபிகா பெனால்டியில் தோற்றது. பையன் சாதாரணமாகச் சொன்னான்: "அந்த டீமு செயிக்காது சித்தப்பா. அவங்களுக்குச் சாபம் இருக்கு. ஒரு கோச்சு சம்பளம் கூடக் கேட்டாராம், குடுக்கல. நூறு வருசத்துக்கு நீங்க ஐரோப்பாக் கப்பு வாங்க மாட்டீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் கோச் யார், எந்த ஊர், என்ன சாதி என்று தேட ஆரம்பித்தேன். என்ன சாதி என்று கேட்கிற புத்தி நமக்கு ஊரால் வந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு அங்கேயும் பதில் இருந்தது.

அவர் பேர் பேலா குட்மன். 1899இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் நடனம் சொல்லித் தருகிறவர்கள். பையனும் பதினாறு வயதிலேயே நடன ஆசிரியர் தகுதி பெற்றுவிட்டார். அந்தக் காலின் லாவகம் பந்துக்குப் போனது. எம்.டி.கே. என்ற புடாபெஸ்ட் அணியில் நடுக்கள ஆட்டக்காரராகச் சேர்ந்து இரண்டு தடவை தேசிய லீக் பட்டம் வென்றார். அப்போது ஹங்கேரியில் யூதர்களுக்குக் காலம் கெட்டுக்கொண்டிருந்தது. 1919இல் ஒரு புரட்சி ஆட்சி விழுந்ததும் வெள்ளைப் பயங்கரம் என்று வரலாறு சொல்கிற வெறியாட்டம் நடந்தது. 1920இல் ஒரு சட்டம் போட்டார்கள். பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்கள் ஆறு சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதன் நடைமுறை. இதை நம் இட ஒதுக்கீட்டோடு யாரும் முடிச்சுப் போட வேண்டாம். நம்முடையது உள்ளே நுழைவதற்குத் திறந்த கதவு. அது வெளியே தள்ளுவதற்கு அடித்த ஆப்பு.

குட்மன் எல்லை தாண்டி வியன்னாவுக்குப் போனார். அங்கே ஹாகோவா என்றொரு கிளப். எபிரேயத்தில் அதற்கு 'வலிமை' என்று பொருள். யூதர்களைச் சேர்க்க மாட்டோம் என்று விதியே எழுதி வைத்திருந்த விளையாட்டுச் சங்கங்கள் ஆஸ்திரியாவில் இருந்தன. அதனால் 1909இல் யூதர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட சங்கம் இது. நீலமும் வெள்ளையும் உடுப்பு, நெஞ்சில் தாவீதின் நட்சத்திரம். எதை வைத்து அவமானப்படுத்தினார்களோ அதையே நெஞ்சில் குத்திக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்கள். எதிரணிக் கூட்டம் கண்டபடி ஏசும், இவர்கள் ஆடுவார்கள். 1925இல் ஆஸ்திரிய லீக் பட்டத்தை ஹாகோவா வென்ற கதை பலருக்குத் தெரிந்திருக்கும். முக்கியமான ஆட்டத்தில் கோல்கீப்பருக்குக் கை முறிந்துவிட்டது. மாற்று ஆளை இறக்குகிற வழக்கம் அப்போது கிடையாது. கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு முன்வரிசைக்குப் போன அந்த ஆளே வெற்றிக் கோலைப் போட்டார். அந்த அணியில் குட்மன் இருந்தார்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஹாகோவா சியோனிச இயக்கத்தோடு பிணைந்த கிளப். அந்த இயக்கம் பின்னாளில் பாலஸ்தீன மக்களின் நிலத்தில் செய்ததும் இன்று செய்துகொண்டிருப்பதும் தனிக் கணக்கு. அந்தக் கணக்கை நான் தள்ளுபடி செய்யவில்லை. 1920களின் வியன்னாவில் ஒதுக்கப்பட்ட இளைஞர்கள் தங்களுக்கென்று ஒரு மைதானம் தேடியதை மட்டும்தான் இங்கே பேசுகிறேன். எங்கள் பக்கம் பொங்கலுக்குக் கபடிப் போட்டி வைக்கும்போது காலனி அணியின் பேரை எழுதிக்கொள்ளவே மாட்டார்கள். அப்புறம் எங்கள் அண்ணன்மார்கள் தனியாகப் போட்டி வைத்தார்கள். 'சாதிக்கு ஒரு கப்பா' என்று அதற்கும் ஏச்சு விழுந்தது. சேர்த்துக்கொள்ளாதவன்தான் பிரித்ததாகக் குற்றம் சாட்டுகிறான்.

குட்மனின் வாய் சும்மா இருக்காது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஹங்கேரி அணியில் போனார். அணியில் ஆட்டக்காரர்களைவிட அதிகாரிகள் அதிகம். அதிகாரிகள் ராத்திரிக் கொண்டாட்டத்துக்கு வசதியான இடத்தில் ஓட்டல் பிடித்திருந்தார்கள். தூங்க முடியாத கூச்சல், போதாததற்கு எலி. குட்மன் செத்த எலிகளைப் பிடித்து அதிகாரிகளின் அறைக் கதவுகளில் தொங்கவிட்டார். அந்த ஒலிம்பிக்கில் எகிப்திடம் 3-0 என்று ஹங்கேரி தோற்றது. குட்மன் அதற்கப்புறம் ஹங்கேரிக்காக ஆடவே இல்லை.

1926இல் ஹாகோவா அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் போனது. நியூயார்க்கில் ஒரு ஆட்டத்துக்கு 46,000 பேர் வந்தார்கள். ஐரோப்பாவில் காறித் துப்புகிறார்கள், இங்கே கைதட்டுகிறார்கள் என்று கண்டவுடன் பல ஆட்டக்காரர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். குட்மனும் தங்கினார். நியூயார்க் அணிகளில் ஆடினார், காசு சேர்த்தார், மதுவிலக்குக் காலத்தில் ஒரு ரகசியச் சாராயக் கடையில் பங்குகூட வைத்திருந்தார். புனிதர் கதை கேட்க வந்தவர்கள் இந்த இடத்தில் எழுந்து போய்விடலாம். 1929 பங்குச் சந்தை வீழ்ச்சியில் சேர்த்தது அத்தனையும் போனது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, ஓடின கால் ஓய்கிற நேரம். வியன்னாவுக்குத் திரும்பி வந்து 1933இல் ஹாகோவாவின் பயிற்சியாளர் ஆனார்.

ஆட்டக்காரனும் பயிற்சியாளனும் ஒரே தொழில்காரர்கள் மாதிரித்தான் வெளியே தெரியும். அப்படி இல்லை. ஓடுகிறவன் உடம்பைத் தருகிறான். பயிற்சியாளன் அடுத்தவனுக்கு 'இங்கே நில், அங்கே ஓடு' என்று சொல்கிறான். ஒடுக்கப்பட்டவனின் உடம்பை வாங்கிக்கொள்ள எந்தச் சமூகமும் தயங்கியதில்லை. அவன் வாயிலிருந்து வருகிற கட்டளையைக் கேட்பதற்குத்தான் தயங்கும். நம் பல்வங்கர் பாலு இதற்குச் சாட்சி. சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிக்கிற வேலையில் இருந்து, வலையில் அவர்களுக்குப் பந்து போட்டுப் போட்டுத் தேர்ந்தவர். 1911இல் இங்கிலாந்துக்குப் போன முதல் இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இந்து அணிக்கு அவர் பந்து வேண்டும். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர். அணித் தலைவர் பதவி கடைசிவரை அவருக்குத் தரவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டல் தலைவரானபோது பாலு ஆடி முடித்திருந்தார். 1937 பம்பாய்த் தேர்தலில் பாலுவைக் காங்கிரஸ் அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது இன்னொரு கதை. அம்பேத்கர் வென்றார்.

என் அண்ணன் மகன் பள்ளிக்கூட அணியில் ஆடிய காலத்திலும் இதேதான். நாலு வருசம் அதிகக் கோல் அவன் போட்டது. கேப்டன் பட்டை ஒரு நாளும் அவன் கையில் ஏறவில்லை. கேட்டதற்கு, "நீ நல்லா ஓடுறல்ல, ஓடு" என்றாராம் வாத்தியார்.

சொல்கிற இடத்துக்கு வந்த குட்மனை அந்த இடத்தில் யாரும் நிம்மதியாக விடவில்லை. அவரும் யாரையும் விடவில்லை. ஹாலந்தில் என்ஸ்கெடே அணிக்கு இரண்டு வருசம் பயிற்சி கொடுத்தார். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினான், ஹாகோவா கலைக்கப்பட்டது. குட்மன் புடாபெஸ்ட் திரும்பி ஊய்பெஷ்ட் அணியை எடுத்து, 1939இல் ஹங்கேரி லீக் பட்டத்தையும் மத்திய ஐரோப்பாவின் மிட்ரோப்பா கப்பையும் வாங்கித் தந்தார். அந்த வருசமே யூதர்களுக்கு எதிரான இரண்டாவது சட்டம் வந்தது. கப்பு வாங்கித் தந்த ஆளுக்கு வேலை போனது.

அதற்கப்புறம் நடந்ததை அவர் தன் வாயால் அதிகம் சொன்னதில்லை. போர்க் காலத்தில் அவர் சுவிட்சர்லாந்தில் பத்திரமாக இருந்தார் என்றுகூட ஒரு பொய்க்கதை வெகுகாலம் உலவியது. ஆங்கிலேய எழுத்தாளர் டேவிட் போல்சோவர் 2017இல் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் பலருக்கு உண்மையை எடுத்துச் சொன்னது. 1944 மார்ச்சில் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. மே நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் முடிய, எட்டு வாரத்துக்குள், ஏறத்தாழ 4,37,000 யூதர்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். பெரும்பாலோர் போன இடம் ஆஷ்விட்ஸ். குட்மனின் அப்பாவும் அக்காவும் சொந்தக்காரர்கள் பலரும் கொல்லப்பட்டார்கள். குட்மனின் துணையாக இருந்தவர் மரியன் என்ற யூதரல்லாத பெண். அவருடைய சகோதரர் முடிதிருத்தும் தொழிலாளி. அந்தக் கடைக்கு மேலே பரணில் மாதக்கணக்கில் குட்மன் ஒளிந்து கிடந்தார். கீழே கத்தரிச் சத்தம், வந்து உட்காருகிறவன் போலீஸாகவும் இருக்கலாம். மேலே மூச்சை அடக்கிக்கொண்டு, ஐரோப்பாவின் சிறந்த பயிற்சியாளர்களில் ஒருவர்.

பிறகு கட்டாய உழைப்பு முகாம். முகாமில் இன்னொரு கால்பந்துப் பயிற்சியாளரும் இருந்தார், எர்னோ எர்ப்ஸ்டைன். 1944 டிசம்பரில் வெளியே கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் இருவரும் இன்னும் சிலரும் ஜன்னல் வழியே குதித்துத் தப்பினார்கள். எர்ப்ஸ்டைன் போருக்குப் பின் இத்தாலியில் டொரினோ அணியை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1949 மே 4ஆம் தேதி அந்த அணியோடு விமான விபத்தில் செத்துப்போனார். குட்மன் உயிரோடு இருந்தார். நாற்பத்தாறு வயது, கையில் ஒன்றும் இல்லை.

1946இல் ருமேனியாவில் சொகானுல் என்ற அணிக்குப் போனார். போர் முடிந்த ஐரோப்பாவில் காசு காலையில் ஒரு மதிப்பு, சாயங்காலம் ஒரு மதிப்பு. குட்மன், எனக்குச் சம்பளம் காசாக வேண்டாம், காய்கறியாகவும் சாப்பாட்டுச் சாமானாகவும் கொடுங்கள் என்று பேசி வாங்கினார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் சாக்கு ஞாபகம் வந்தது. ஆனால் ரெண்டும் ஒன்றல்ல. எங்க தாத்தாவுக்குத் தானியம் விதிக்கப்பட்டது. குட்மன் காய்கறியைத் தானே கேட்டு வாங்கினார். எந்த உருவத்தில் கூலி வேண்டும் என்று சொல்கிற உரிமை இருக்கிறதா இல்லையா என்பதுதான் பேச்சு. பம்பாய் மாகாணத்தில் மகர்களின் வதன் முறையை எதிர்த்து 1928இல் அம்பேத்கர் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்ததும் இதற்காகத்தான். ஊர் ஊழியத்துக்குத் துண்டு நிலமும் தானியப் பிச்சையும் போதும் என்கிற ஏற்பாட்டை உடைத்து, வேலைக்குக் காசு கொடு, இல்லையென்றால் விட்டு விலகுகிற உரிமையைக் கொடு என்று கேட்டார்.

விட்டு விலகுவதில் குட்மனை மிஞ்ச ஆள் கிடையாது. ருமேனியாவில் கிளப் நிர்வாகி ஒருவர், இந்தப் பையனை ஆட வை, அந்தப் பையனை உட்கார வை என்று தலையிட்டார். குட்மன் கிளம்பிவிட்டார். ஹங்கேரிக்குத் திரும்பி 1947இல் ஊய்பெஷ்டுக்கு மறுபடி பட்டம் வாங்கித் தந்து, கிஷ்பெஷ்ட் அணிக்குப் போனார். அங்கே இளவயதுப் புஷ்காஷ், பின்னாளில் உலகமே கொண்டாடிய ஆள். 1948இல் ஓர் ஆட்டத்தில் முரட்டுத்தனமாக ஆடிய ஒரு தடுப்பாட்டக்காரரை இடைவேளைக்குப் பிறகு இறங்க வேண்டாம் என்றார் குட்மன். புஷ்காஷ், நீ ஆடு என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். சொல் எடுபடவில்லை. குட்மன் மேலே போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து குதிரைப் பந்தயப் பத்திரிகையைப் படித்து முடித்து, டிராம் ஏறி வீட்டுக்குப் போனவர்தான். திரும்பிப் போகவில்லை.

அப்புறம் இத்தாலி, அர்ஜென்டினா, சைப்ரஸ், மறுபடி இத்தாலி. மிலான் அணி 1955இல் லீக் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும்போதே அவரை வேலையிலிருந்து தூக்கினார்கள். அதிலிருந்து அவர் ஒரு பாடம் படித்தார். அடுத்தடுத்த ஒப்பந்தங்களில் ஒரு வரி எழுதச் சொன்னார்: என் அணி முதலிடத்தில் இருக்கும்போது என்னை நீக்கக் கூடாது. சங்கம் இல்லாத ஒற்றைத் தொழிலாளி தனக்குத் தானே போட்டுக்கொண்ட தொழிலாளர் சட்டம் இது. ஒரு அணியில் மூன்றாவது வருசம் தங்குவது ஆபத்து என்பதும் அவர் அடிக்கடி சொன்ன கொள்கை. இதை அவருடைய தந்திரம் என்று விளையாட்டு எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். தங்கின இடத்திலிருந்தெல்லாம் துரத்தப்பட்டவன், துரத்துகிறதற்கு முன்னால் தானே கிளம்பக் கற்றுக்கொண்டான் என்றும் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

1956 ஹங்கேரிக் கிளர்ச்சியை ரஷ்யப் படை நசுக்கியபோது ஹோன்வேத் அணி வெளிநாட்டில் இருந்தது. அந்த அணியோடு குட்மன் பிரேசிலுக்குப் போனார். அங்கேயே நின்று சாவோ பாலோ அணிக்கு 1957இல் மாநிலப் பட்டம் வாங்கித் தந்தார். நான்கு பேர் பின்னால், இருவர் நடுவில், நால்வர் முன்னால் என்கிற ஆட்ட முறையைப் பிரேசிலுக்கு இவர்தான் கொண்டுவந்தார், அதை வைத்துத்தான் 1958 உலகக் கோப்பையை அவர்கள் வென்றார்கள் என்று ஐரோப்பியர்கள் எழுதுவார்கள். நான் அதை முழுசாக நம்பவில்லை. பிரேசிலின் கறுப்பர்கள், கலப்பினத்தவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்த எதையும் ஓர் ஐரோப்பியன் கணக்கில் எழுதிக்கொள்கிற பழக்கம் அது. அவர் பங்கும் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

1959இல் போர்ட்டோ அணிக்குப் போர்ச்சுகல் லீக் பட்டத்தை வாங்கித் தந்துவிட்டு, எதிரணியான பென்ஃபிகாவுக்கு மாறினார். போனதும் மூத்த ஆட்டக்காரர்கள் பலரை வெளியே அனுப்பி இளைஞர்களைக் கொண்டுவந்தார். குட்மன் கதையில் முடிதிருத்தும் கடை இரண்டாவது தடவை வருவது இங்கே. லிஸ்பனில் ஒரு கடையில் பழைய சாவோ பாலோ ஆட்டக்காரர் பவ்வரைச் சந்தித்தார் என்றும், மொசாம்பிக்கில் ஒரு பையனைப் பார்த்தேன், விட்டுவிடாதே என்று அவர் சொன்னார் என்றும் சொல்வார்கள். அந்தப் பையன் யூசேபியோ. இன்று மபூடோ எனப்படும் லோரன்சோ மார்க்கஸ் நகரத்தின் மஃபலாலா சேரியில் 1942இல் பிறந்தவர். 1960 டிசம்பரில் லிஸ்பன் வந்து இறங்கினார். அப்போது மொசாம்பிக் போர்ச்சுகலின் காலனி. ஆப்பிரிக்கர்களில் மிகப் பெரும்பாலோரைக் குடிமக்கள் அல்லர் என்று வைத்திருந்த சட்டம் 1961இல்தான் நீங்கியது.

1961 மே 31, பெர்ன் நகரம். பென்ஃபிகா 3-2 என்று பார்சலோனாவை வென்று ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. 1962 மே 2, ஆம்ஸ்டர்டாம். எதிரே ரியல் மாட்ரிட். டிராம் ஏறி விலகிய நாளில் சொல் கேட்காத அதே புஷ்காஷ் இப்போது மாட்ரிட்டுக்கு ஆடுகிறார். இடைவேளைக்குள் மூன்று கோல் போட்டுவிட்டார், மாட்ரிட் 3-2. முடிவில் பென்ஃபிகா 5-3. கடைசி இரண்டு கோல் யூசேபியோ. வதைமுகாமுக்குப் போகாமல் ஜன்னலில் குதித்தவர் பதினெட்டு வருசத்துக்குள் ஐரோப்பாவின் தலையில் இரண்டு தடவை ஏறி நின்றார்.

ஜெயித்த கையோடு அவர் நிர்வாகிகளிடம் போய்க் கூடுதல் பணம் கேட்டார். ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்றார்களாம். அவர் கிளம்பி உருகுவேயின் பென்யரோல் அணிக்குப் போய்விட்டார். 'இன்னும் நூறு வருசத்துக்கு நீங்கள் ஐரோப்பியக் கோப்பையைத் தொட மாட்டீர்கள்' என்று சபித்துவிட்டுப் போனார் என்பதுதான் கதை. அதற்கப்புறம் பென்ஃபிகா எட்டு ஐரோப்பிய இறுதி ஆட்டங்களில் தோற்றது: 1963, 1965, 1968, 1983, 1988, 1990, 2013, 2014. 1990 இறுதி ஆட்டம் வியன்னாவில் நடந்தபோது, அங்கே 1981இல் புதைக்கப்பட்ட குட்மனின் கல்லறைக்குப் போய் யூசேபியோ பிரார்த்தனை செய்தார். அப்படியும் தோற்றார்கள்.

எனக்கு ஒரு கேள்வி. சாபம் விட்டார் என்று பென்ஃபிகாக்காரர்கள் அப்போதே நம்பியிருந்தால், 1965இல் அதே குட்மனை மறுபடி ஏன் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்? கொடுத்தார்கள், அவர் வந்தார், ஒரு வருசம் இருந்தார், பெரிசாக ஒன்றும் ஜெயிக்கவில்லை. சபித்தவரே வந்தும் சாபம் நீங்கவில்லை என்று கதை சொல்கிறவர்கள் இந்த வருசத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தோல்விகள் சேரச் சேர, பின்னோக்கிக் கட்டப்பட்ட கதை இது என்றுதான் எனக்குப் படுகிறது. எப்படி வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம். நிர்வாகிகள் கஞ்சத்தனம் செய்து நல்ல பயிற்சியாளரை இழந்தார்கள் என்று கட்டியிருக்கலாம். ஆனால் யூதன் காசாசை பிடித்தவன் என்ற பழைய ஐரோப்பிய ஏச்சு கையில் தயாராக இருந்தது. அதோடு ஊர் ஊராக அலைகிற யூதன், சாபம் விடுகிற நாக்கு. மூன்றையும் முடிந்தால் கதை தானாக நடக்கும். எங்கள் களத்து மேட்டிலும் இதே மூன்றுதான் கையில் இருந்தன: வாய் நீண்டவன், ஊர் சுற்றுகிறவன், கருநாக்கு.

இதில் எனக்கு உறுத்துகிற ஒன்றும் உண்டு. குட்மன் கூலி போதவில்லை என்று கிளம்ப முடிந்தது. அவர் கண்டெடுத்த யூசேபியோவால் முடியவில்லை. இத்தாலிய கிளப்புகள் பெரும் பணத்தோடு வந்தபோது, அவர் தேசத்தின் சொத்து, வெளியே போகக் கூடாது என்று சர்வாதிகாரி சலசார் தடுத்துவிட்டார் என்பார்கள். காலனியிலிருந்து வந்த கறுப்பனின் கால் தேசத்தின் சொத்து, அவன் சம்பளம் தேசம் முடிவு செய்வது. சாபம் விடுகிற வசதிகூட அவருக்கு இல்லை. சாபம் நீங்கப் பிரார்த்தனை செய்கிற வேலைதான் அவருக்கு வந்தது. குட்மன் இதைப் பற்றி ஏதாவது பேசியதாக நான் எங்கும் படிக்கவில்லை. ஒரு ஒடுக்குமுறையைப் பட்டவனுக்கு இன்னொன்று தானாகக் கண்ணில் பட்டுவிடும் என்று நாம் நினைப்பது தப்பு.

1974 வரை அவர் வேலை செய்தார். சுவிட்சர்லாந்து, கிரீஸ், மறுபடி ஆஸ்திரியா, கடைசியாக மறுபடி போர்ட்டோ. பயிற்சியாளராக மட்டும் எண்ணினால் பன்னிரண்டு நாடு. 2014இல் பென்ஃபிகா மைதானத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள், இரண்டு கைக்கும் இரண்டு கோப்பை. அந்த வருசம்தான் எட்டாவது இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். 2022இல் பென்ஃபிகாவின் இளைஞர் அணி ஐரோப்பியப் பட்டம் வென்றது. சாபம் தீர்ந்துவிட்டது என்றார்கள் சிலர், இது கணக்கில் வராது என்றார்கள் சிலர்.

என் அண்ணன் மகன் உடற்கல்விப் படிப்பு முடித்துவிட்டு, இரண்டு வருசமாக அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தான். முதல் ஆறு மாசம் சம்பளம் சரியாக வந்தது. அப்புறம் 'அடுத்த மாசம் சேத்து வாங்கிக்கங்க சார்' என்றார்கள். ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு, சால்வை போட்டு, கலர் பேப்பர் சுற்றிய ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். மறுநாள் அவன் அலுவலகத்தில் போய், பாக்கி மூன்று மாசத்தை எப்போது தருவீர்கள் என்று கேட்டிருக்கிறான். "மரியாதை பண்ணுன மறுநாளே காசு பேசுறியேப்பா" என்றார்களாம்.

இப்போது அவன் பரமக்குடிப் பக்கம் வேறொரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். சேரும்போதே மாசம் இத்தனாம் தேதிக்குள் சம்பளம் என்று எழுதி வாங்கிக்கொண்டான். ஹாட் பாக்ஸில் எங்க மதினி இட்லி எடுத்து வைக்கிறாள். பழைய மூன்று மாசப் பாக்கி இன்னும் வரவில்லை. போன வருசம் அந்தப் பள்ளிக்கூடத்து அணி மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுப்போனதாம். அங்கே படிக்கிற எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்து சொன்னான்: "அண்ணே, நீங்க என்னமோ சொல்லிட்டுப் போனீங்கன்னு அங்க பேசிக்கிர்றாங்க."